மோவாப் தடங்களில் மின்சார டர்ட் பைக் நின்றுபோனால்: தள்ளுவதா, இழுப்பதா, விட்டுவிட்டு நடப்பதா?

மண்ணிலும் பாறையிலும் ஓட்டுகிற மின்சார டர்ட் பைக் வாங்கப் போகிறவர்கள் ரேஞ்ச் எவ்வளவு, வேகம் எவ்வளவு, சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்பார்கள். ஆள் அரவமற்ற இடத்தில் நின்றுபோனால் எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்வி, வண்டி நின்ற பிறகுதான் வரும். ஊரில் என்றால் நாலு பேர் கூடிவிடுவார்கள்; போன் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி யானை வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரைச் சுற்றியுள்ள செம்பாறைப் பாலையில் அதெல்லாம் நடக்காது. பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் சிக்னல் போய்விடும். கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தொடும். பெட்ரோல் தீர்ந்து நின்றவர் எதிரே வருகிறவரிடம் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்தவருக்கு அப்படி வழியில் கைமாற்றுத் தர யாராலும் முடியாது.

இருக்கிற வழிகள் சில: அங்கேயே சரிசெய்து மெதுவாக ஓட்டி வருவது, தள்ளியும் உருட்டியும் வருவது, இன்னொரு பைக்கில் கயிறு கட்டி இழுப்பது, வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்து பிறகு எடுப்பது, காசு கொடுத்து மீட்பு வண்டியைக் கூப்பிடுவது. பெரும்பாலானவர்களுக்குக் கயிறுதான் முதலில் ஞாபகம் வரும். என் வரிசையில் கயிறு அவ்வளவு மேலே இல்லை. விட்டுவிட்டு நடப்பதற்குத்தான் பலரும் தருவதைவிட உயர்ந்த இடத்தைத் தருவேன். பேட்டரியைக் கையில் கழற்றி எடுக்கக்கூடிய வண்டி என்பதுதான் அதற்குக் காரணம்.

எந்த வண்டி என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். சர்ரான் லைட் பீ 57 கிலோதான். அதில் பேட்டரி மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோ. தலாரியா ஸ்டிங் அதைவிடக் கொஞ்சம் கனம். சர்ரான் அல்ட்ரா பீ எண்பது கிலோவுக்கு மேல். ஸ்டார்க் வார்க் வகை முழு அளவு எண்டூரோ வண்டி 120 கிலோவை ஒட்டி நிற்கும்; பேட்டரி பெரியது, 360 வோல்ட், நடுவழியில் கழற்றித் தோளில் போடுகிற சாமான் இல்லை. 57 கிலோ வண்டிக்குச் சொல்லும் யோசனையை 120 கிலோ வண்டிக்குச் சொன்னால் முதுகு போய்விடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்து அடி தூரத்துக்கு இரண்டு அடி ஏறும் சரிவில், வண்டி எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் தாங்கித் தள்ள வேண்டும். லைட் பீ என்றால் 11 கிலோ, வார்க் என்றால் 24 கிலோ. இது உறுதியான பாறையில் மட்டும். மணல் வந்துவிட்டால் சக்கரம் புதைவதற்கான தண்டனை தனி.

பின்சக்கரம் சுற்றுகிறதா?

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன்பு வண்டியை ஆஃப் செய்து, பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனை பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும்.

லேசான இழுவையோடு சுற்றினால் நல்ல செய்தி. பிரேக் பிடித்தது போல விட்டு விட்டு முரண்டு பிடித்தால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்குள் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்கள் கருகி, மோட்டாரின் மூன்று ஃபேஸ் வயர்களில் இரண்டு உள்ளே ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டாரைச் சுற்றினால் அது ஜெனரேட்டராக வேலை செய்யும். வயர்கள் ஷார்ட் ஆகியிருந்தால் அந்த மின்சாரம் மோட்டாரையே எதிர்த்து நிறுத்தும். இந்த நிலையில் தள்ளவும் முடியாது, கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் சூடேறும். பரிகாரம் எளிது: செயினின் இணைப்புக் கண்ணியைக் கழற்றி, செயினை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் சைக்கிள் சக்கரம் போலச் சுற்றும். இதற்குத் தேவை ஒரு மூக்குக் குறடு. அது இல்லாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

ஓட்டி வந்துவிட முடிந்தால் அதுவே மேல்

செத்துப்போனதாக நினைக்கும் வண்டிகளில் நிறைய உண்மையில் சாகவில்லை. சில மாடல்களில் வண்டி சாய்ந்து விழுந்தால் ஒரு சென்சார் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் உயிர் வரும். பிரேக் லிவரில் உள்ள சுவிட்ச் மாட்டிக்கொண்டால் மோட்டார் ஓடாது, ஏனென்றால் பிரேக் பிடித்திருப்பதாகவே கண்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கும். கீழே விழுந்து லிவர் வளைந்த பிறகு இது அடிக்கடி நடக்கும். லைட் பீயில் பேட்டரி அறைக்குள்ளே ஒரு பிரேக்கர் சுவிட்ச் உண்டு. வீட்டு மெயின் போர்டில் இருப்பது மாதிரியே விழும். மூடியைத் திறந்து பார்க்காமலேயே ஆறு மைல் தள்ளி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

சூடேறியதால் நின்றிருந்தால் நிழலில் அரை மணி நேரம் போதும். செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போதுதான் மோட்டாரும் கண்ட்ரோலரும் அதிகமாகச் சூடாகும். வேகம் குறைவு, இழுவிசை அதிகம், கரண்ட் எக்கச்சக்கம். பேட்டரி தீர்ந்து நின்றதா, ஏற்றத்தில் அழுத்தம் தாங்காமல் வோல்ட்டேஜ் சரிந்து பேட்டரியின் காவல் சர்க்யூட் அணைத்ததா என்பதும் வேறு வேறு. இரண்டாவது என்றால், சற்று ஓய்வு கொடுத்தால் வோல்ட்டேஜ் கொஞ்சம் மீளும். ஏற்றங்களில் இறங்கித் தள்ளி, சமதளத்தில் மட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எகோ (Eco) மோடில் ஓட்டினால் இன்னும் சில கிலோமீட்டர் கிடைக்கும். ஆனால் அணைய அணைய ஆன் செய்து கடைசிச் சொட்டுவரை பிழிவது பேட்டரிக்கு நல்லதில்லை.

கூட வந்தவரிடமும் அதே மாடல் இருந்தால் அவருடைய பேட்டரியை உங்கள் வண்டியில் மாட்டிப் பாருங்கள். ஓடினால் கோளாறு உங்கள் பேட்டரியில். ஓடாவிட்டால் கண்ட்ரோலர், த்ராட்டில், வயரிங் பக்கம். பெட்ரோல் வண்டியில் இப்படி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மின்சார வண்டி மேல்.

லைட் பீயில் மோட்டாரிலிருந்து முதல் கட்டத்துக்கு ஒரு பெல்ட், அங்கிருந்து சக்கரத்துக்குச் செயின். பெல்ட் அறுந்தால் மோட்டார் சத்தம் மட்டும் வரும், வண்டி நகராது. மாற்று பெல்ட் சின்னது, எடை இல்லாதது. ஆனால் கழற்றி மாட்டுவது சாலையோர வேலை இல்லை, கருவியும் பொறுமையும் வேண்டும். தலாரியாவில் அந்த இடத்தில் எண்ணெய்க்குள் ஓடும் பல்சக்கரம் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. தொலைதூரத் தடங்களுக்கே அதிகம் போகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், எனக்கு இது ஒரு நிஜமான காரணமாகவே படுகிறது.

தள்ளுவதும் உருட்டுவதும்

இறக்கம் அதிகமான பாதை என்றால் இதுவே போதும். செயினைக் கழற்றிவிட்டு, பிரேக் பிடித்தபடி உருண்டு வரலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைக்கும் ரீஜென் பிரேக்கிங் பழக்கப்பட்டவர்கள் இப்போது முழுக்க டிஸ்க் பிரேக்கை நம்பியிருக்கிறார்கள். நீண்ட இறக்கத்தில் நிறுத்தி நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஏற்றம் என்றால் லைட் பீக்கு ஒரு நல்ல உத்தி உண்டு. பேட்டரியைக் கழற்றிப் பையில் முதுகில் போட்டு மேலே கொண்டுபோய் நிழலில் வைத்துவிட்டு, திரும்பி வந்து மீதி 46 கிலோவைத் தள்ளுவது. இரண்டு நடை, ஆனால் இரண்டும் மனிதனால் முடிகிற நடை. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருவர் பட்டையான நாடாவை முன் ஃபோர்க்கில் கட்டி மேலிருந்து இழுக்கலாம். மிகச் செங்குத்தான படிக்கட்டுப் பாறைகளில் இரண்டு சிறு கப்பியும் இருபது மீட்டர் கயிறும் இருந்தால், மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுமை குறையும். உராய்வு போக இரண்டு மடங்கு லாபமாவது நிற்கும். கயிற்றை ஜூனிபர் மரத்தில் கட்டினால் அகலமான நாடாவைச் சுற்றிக் கட்டுங்கள். அந்தப் பாலையில் அந்த மரம் கைப்பருமன் ஆவதற்கே பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும்.

மோவாபில் இன்னொரு கட்டுப்பாடு. பாறைகளுக்கு இடையே கறுத்து, பொருபொருவென்று எழும்பி நிற்கும் மண்மேடு வெறும் மண் கிடையாது; சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து கட்டிய உயிருள்ள மேல்தோல். அதுதான் அங்கே மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு முறை மிதித்தால் சீராவதற்குப் பல வருடங்கள். ஆகவே குறுக்கு வழியில் நேராக இழுத்துக்கொண்டு போகலாம் என்ற யோசனையே வேண்டாம். சட்டப்படியும் வண்டி குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகக் கூடாது. மீட்க வருகிற ஜீப்புக்கும் அதே விதிதான்.

கயிறு

இன்னொரு பைக் இழுப்பது பார்க்கச் சுலபம். சமதள மண் சாலையில் உண்மையிலேயே சுலபம். முறையாகச் செய்வது இப்படி: கயிற்றின் ஒரு முனையை முன்வண்டியின் கால்மிதியில் கட்டுங்கள். மறுமுனையைப் பின்வண்டியில் கட்டவே கூடாது. பின்வண்டியின் கால்மிதியில் ஒரு சுற்றுச் சுற்றி, பூட்ஸால் மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏதாவது தப்பானால் காலைத் தூக்கினால் கயிறு விடுபட்டுவிடும். ஹேண்டில்பாரின் நடுவில் முடிச்சுப் போட்டுக் கட்டுகிறவர்கள் முதல் திருப்பத்திலேயே கீழே கிடப்பார்கள். வேகம் நடையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இழுக்கப்படும் வண்டியின் செயினைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மோட்டார் முழு வழியும் சுற்றிக்கொண்டே வரும், கண்ட்ரோலருக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். என்ன கோளாறு என்று தெரியாத கண்ட்ரோலருக்குள் அதைச் செலுத்துவானேன்.

ஆனால் முன்னால் இழுப்பது பெட்ரோல் வண்டியா, மின்சார வண்டியா? பலர் இதைக் கேட்பதே இல்லை. பெட்ரோல் வண்டி என்றால் கிளட்ச் சூடாவதைப் பார்த்துக்கொண்டு போகலாம். மின்சார வண்டி என்றால் நிலைமை வேறு. 57 கிலோ வண்டியும் 75 கிலோ ஆளும் 300 மீட்டர் உயரம் ஏற 0.1 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். 60 வோல்ட், 40 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தம் 2.4 யூனிட் இருப்பதால் இது சில்லறைக் காசு போலத் தோன்றும். மணலின் உராய்வும், மெதுவாக ஏறும்போது வெப்பமாக வீணாவதும் சேர்ந்தால் செலவு பல மடங்கு ஆகும். அதைவிடப் பெரிய பிரச்சினை சூடு: இழுக்கிற வண்டி ஏற்றத்தின் நடுவில் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே இடத்தில் இரண்டு செத்த வண்டிகள். நண்பரின் பேட்டரியில் பாதிக்குக் கீழே இருந்தால் கயிற்றை எடுக்கவே வேண்டாம் என்பேன்.

ஸ்லிக்ராக் தடம் போன்ற வெறும் பாறைப் பாதைகளில் கயிறு முற்றிலும் தவறான தேர்வு. 1969-இல் மோட்டார் சைக்கிள்களுக்காகவே குறிக்கப்பட்ட தடம் அது. பின்னால்தான் மலைச் சைக்கிள்காரர்களால் உலகப் புகழ் பெற்றது. அதில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். ஏற்றத்தில் கயிறு விறைக்கும், உச்சி தாண்டியதும் தொய்ந்து முன்சக்கரத்துக்குள் போகும். அங்கே தள்ளுவதே வேகம்.

விட்டுவிட்டு நடப்பது

இதைத் தோல்வியாக நினைக்கிறவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே, தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கீழே, வழியில் பெரிய ஏற்றம் என்று மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். வண்டியைத் தடத்தின் ஓரத்தில், வேறு வாகனங்கள் வந்து மோதாத இடத்தில் பாறைக்குப் பின்னால் நிறுத்தி, போனில் இடத்தைக் குறித்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

பெட்ரோல் வண்டியை இப்படி விட்டுவிட்டு வந்தால் ராத்திரி தூக்கம் வராது. லைட் பீ மாதிரி வண்டியில் பேட்டரியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. வண்டியில் விலை கூடின பாகமும் அதுதான். பேட்டரி வெளியே வந்துவிட்டால் இன்னொரு வாசலும் திறக்கிறது. கோளாறு வெறும் சார்ஜ் தீர்ந்ததுதான் என்றால், மறுநாள் காலையில் வண்டியைத் தேடி ஜீப் போக வேண்டியதில்லை. நிரம்பிய பேட்டரியை முதுகில் சுமந்து ஒருவர் நடந்து போனால் போதும். 67.2 வோல்ட், 10 ஆம்பியர் சார்ஜர் சுமார் 670 வாட்தான் எடுக்கும். விடுதி அறையின் சாதாரண பிளக் அதைத் தாங்கும். நீங்கள் வந்த பிக்கப்பை நிறுத்திய இடத்திலேயே ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பவர் ஸ்டேஷன் (தூக்கிச் செல்லக்கூடிய பேட்டரிப் பெட்டி) இருந்தால், வீணாவது போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். பல தடங்களில் வெளியே வர அது தாராளம்.

எல்லாச் சமயத்திலும் பேட்டரியைச் சுமக்கச் சொல்லவில்லை. எட்டுக் கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டும் என்றால் அந்தப் பதினொரு கிலோவுக்குப் பதில் தண்ணீரைத் தூக்குங்கள். பேட்டரியை வண்டியிலிருந்து தள்ளி, நிழலான பாறை இடுக்கில் ஒளித்து வைத்தால் போதும். பேட்டரி உப்பியிருந்தால், இனிப்பான ரசாயன வாடை வந்தால், தொட முடியாத சூடு இருந்தால் அதை முதுகில் கட்டிக்கொள்ளவே கூடாது. உலர்ந்த புல் இல்லாத வெறும் பாறையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

மோவாபைச் சுற்றிய நிலத்தில் பெரும்பகுதி பிஎல்எம் என்று சொல்லப்படும் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையிடம் இருக்கிறது. அங்கே ஆளில்லாமல் விட்ட உடைமைக்குப் பொது விதி பத்து நாள். பக்கத்திலுள்ள தேசியப் பூங்காக்களில் 24 மணி நேரம் மட்டும். சர்ரான் போன்ற சாலைப் பதிவில்லாத வண்டிகள் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவுக்குள் போகவே அனுமதி இல்லை என்பதால் இரண்டாவது விதி பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது.

120 கிலோ வண்டிக்கு இந்தத் தேர்வின் கவர்ச்சி குறைகிறது. பேட்டரியோடு அப்படியே நிற்கும், விலையும் அதிகம். அந்த வண்டி வைத்திருப்பவர் ஒரு பெட்ரோல் வண்டிக்காரரோடு போவதே முறை. கயிறு அவருக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

காசு கொடுத்துக் கூப்பிடுவது

வழக்கமான சாலை உதவிச் சந்தாக்கள் பெரும்பாலும் பராமரிக்கப்படும் சாலையில் நிற்கும் வண்டிக்குத்தான். மண் தடத்துக்குள் வர மாட்டார்கள். தெற்கு யூட்டாவிலும் மோவாபிலும் இதற்கென்றே ஆஃப்ரோடு மீட்புக்காரர்கள் இருக்கிறார்கள். கட்டணம் லேசுப்பட்டதில்லை: தொலைதூரப் பாதைகளிலிருந்து இழுத்து வர ஆயிரம் டாலரைத் தாண்டும் என்று கேன்யன்லேண்ட்ஸ் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. 57 கிலோ வண்டிக்கு இதைச் செய்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வார்க் மாதிரி வண்டி ஜீப் போகிற தடத்தில் நின்றிருந்தால் சரி, கொடுத்துவிடலாம். ஒரு பைக் மட்டும் போகிற ஒற்றைத் தடத்தில் நின்றிருந்தால் அவர்களாலும் பக்கத்தில் வர முடியாது; ஜீப் பாதை வரை கொண்டுவருவது உங்கள் வேலை.

மாவட்ட மீட்புக் குழுவைக் கூப்பிடுவது வேறு விஷயம். அவர்கள் ஆளைக் காப்பாற்ற வருகிறவர்கள், வண்டிக்காக வர மாட்டார்கள். அடிபட்டாலோ, வெயிலில் மயக்கம் வந்தாலோ தயங்காமல் கூப்பிடுங்கள். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியே அவசர உதவி கேட்கலாம். ஐஓஎஸ் 18 வந்த பிறகு சாதாரணச் செய்தியையும் அமெரிக்காவில் அப்படியே அனுப்பலாம். "வண்டி நின்றுவிட்டது, நான் நலம், இந்த இடத்தில் இருக்கிறேன், எட்டு மணிக்குள் வராவிட்டால் தேடு" என்று ஊரிலிருக்கும் ஒருவருக்கு அனுப்ப அது போதும். பள்ளத்தாக்கின் அடியில் வானம் குறுகலாகத் தெரியும் இடத்தில் இணைப்புக் கிடைக்க நேரமாகும். கொஞ்சம் மேலே ஏறி முயலுங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சு.

தனியாகப் போகிறவருக்கு என் வரிசை: ஓட்டப் பார்ப்பது, இறக்கம் இருந்தால் உருட்டுவது, இல்லாவிட்டால் விட்டுவிட்டு நடப்பது. கயிறு அவருக்குக் கிடையவே கிடையாது. இரண்டு மின்சார வண்டிகள் என்றால், நல்ல வண்டி இழுக்காமல் தனியாக வெளியே போய், நிரம்பிய பேட்டரியோடு திரும்பி வருவது மேல். கூட ஒரு பெட்ரோல் வண்டி இருந்து பாதையும் அகலமான மண் சாலையாக இருந்தால் கயிறு முதலிடத்துக்கு வரும்.

எப்படியோ வெளியே கொண்டுவந்து பிக்கப்பில் ஏற்றும்போது, அடிபட்ட அல்லது நனைந்த பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றித் திறந்த பின்தட்டில் தனியாக வையுங்கள். ஆள் உட்காரும் கேபினுக்குள் வேண்டாம். நன்றாகப் பரிசோதித்துப் பார்க்கும்வரை அதற்குச் சார்ஜர் போட வேண்டாம், முக்கியமாக இரவில் தூங்கும் அறையில்.